என்பு தாங்கும் சுமை

மனித உடலை ஏழு கட்டுகளாகப் பகுத்துக் கண்ட சித்த மருத்துவம், சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை என ஆறினை வரிசையாக வைத்து, ஏழாவதாக உயிர் தழைக்கும் வித்தினை வைத்தது. ஒன்று பெறும் ஊட்டத்திலிருந்தே அடுத்தது உருவாகிறது என்பது அவ்வரிசைக்கு அம்மருத்துவம் தந்த பொருளாகும். என்புக்கு நேர் முன்னே கொழுப்பும், கொழுப்புக்கு நேர் முன்னே ஊனும் நிற்கின்றன. இன்றைய ஆய்வுகள் கண்டவை அனைத்தையும் முன்னோர் முன்னரே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவதற்காக இதை நாம் எடுத்துரைக்கவில்லை. அறிவியல் தன் சான்றுகளைத் தானே உழைத்துத் தேடிக்கொண்டது. எனினும், தசையும் கொழுப்பும் என்பும் அண்டை வீட்டார்போல் ஒன்றன் வாழ்வில் ஒன்று பங்குகொள்பவை என்னும் உண்மையை, எடைக் கருவியின் முள்ளொன்றையே நம்பி வாழும் நம் தலைமுறை மறந்துவிட்டமையால், அந்தப் பழைய வரிசையை நினைவூட்டித் தொடங்குவது பொருந்தும் எனக் கருதுகிறோம்.

என்பு கல்லன்று. அது நாள்தோறும் அரிக்கப்பட்டு நாள்தோறும் கட்டப்படும் உயிருள்ள பொருள். அரிக்கும் உயிரணுக்களும் ஆக்கும் உயிரணுக்களும் ஒரே இடத்தில் மாறி மாறி வேலை செய்ய, இளமையில் ஆக்கம் மிகுந்து, முப்பது வயதை ஒட்டி உச்சம் கண்டு, பின்னர் அரிப்பின் பக்கம் தட்டு மெல்லத் தாழ்கிறது. மாதவிடாய் நின்ற பின் சில ஆண்டுகள் பெண்களுக்கு அத்தாழ்வு விரைவு பெறுகிறது. எங்கே விசை விழுகிறதோ அங்கே என்பு தன்னை வலுப்படுத்திக்கொள்ளும்; விசை விழாத இடத்தில் சுண்ணச் சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஈர்ப்பு விசையின் சுமையை உணராத விண்கலத்தில் பல திங்கள் தங்கித் திரும்புவோர் இடுப்பெலும்பின் அடர்த்தியை இழந்து வருவதும், படுக்கையில் கிடக்கும் நோயாளி வாரக் கணக்கில் மெலிவதும் இவ்விதியின் விளைவுகளே.

இவ்விதியைப் பினாங்கின் சூலியா தெருவில் நின்று எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கி ஊர் வகுத்தபோது அமைந்த முதல் தெருக்களில் ஒன்றான இது, சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் பெயரையே தன் பெயராகத் தாங்கி நிற்கிறது. நாகூர் ஆண்டவரின் நினைவாக எழுந்த தர்காவும், 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் ஒரு கூப்பிடு தொலைவில் இருக்க, துறைமுகத்துக்கும் கடைத்தெருவுக்கும் இடையே சுமந்தும் இழுத்தும் ஏற்றியும் இறக்கியும் வாழ்ந்தோரின் வியர்வையால் வளர்ந்த தெரு இது. அத்தொழிலாளர் பசியாற, காவடிபோல் தோளில் தண்டு வைத்து, ஒரு தலைப்பில் சோற்றையும் மறு தலைப்பில் குழம்பு வகைகளையும் தொங்கவிட்டு, விடியுமுன் நடந்து விற்றனர் நம்மவர். ‘கண்டார்’ என்னும் மலாய்ச் சொல் அந்தத் தோள்தண்டைக் குறிப்பது. அதனாலேயே அவ்வுணவு ‘நாசி கண்டார்’ ஆயிற்று.

இன்றும் அவ்வுணவு இருக்கிறது. அதைத் தூக்கிய தண்டு இல்லை. தண்டு தாங்கிய தோளும், அத்தோளைத் தாங்கிய தொடையும், அத்தொடையைத் தாங்கிய இடுப்பும் அன்று பெற்ற விசையை இன்று பெறவில்லை. மூட்டை தூக்கியவனின் வயிற்றுக்கு அளவிட்ட சோற்றை, குளிரூட்டிய அறையில் எட்டு மணி நேரம் அமர்ந்திருப்பவன் அதே அளவில், அதனினும் மிகுதியாகக் குழம்பு ஊற்றி, ‘பஞ்சிர்’ (வெள்ளம்) என்று கேட்டு வாங்கி உண்டு, கெட்டிப்பால் கலந்த தே தாரிக்கை மேலே அருந்தி எழுகிறான். தோளிலிருந்து இறங்கிய சுமை எங்கும் போய்விடவில்லை. இடுப்பைச் சுற்றி வந்து அமர்ந்துகொண்டது. தோளில் இருந்தபோது அது என்பை வளர்த்தது. இடுப்பில் அமர்ந்த பின் அது என்ன செய்கிறது என்பதே நாம் இன்று கேட்கும் கேள்வி.

இக்கேள்விக்கு நம் வீடுகளில் ஆயத்தமாக ஒரு விடை இருக்கிறது. பூசினாற்போல் இருக்கும் பெண்ணை ‘நல்ல உடம்பு’ என்பதும், ஒல்லியானவளைக் கண்டு ‘காற்றடித்தால் விழுந்துவிடுவாள்’ என்று இரங்குவதும் நம்மிடையே வழக்கம். அதில் பொய் மட்டுமே இருந்திருந்தால் அதை மறுப்பது எளிது. பாதி மெய் கலந்திருப்பதே அதன் ஆற்றல். பருத்த உடலைத் தாங்கும் கால் எலும்பு கூடுதல் விசை பெறுகிறது. மாதவிடாய் நின்ற பின் சூலகம் சுரக்காத பெண்மை இயக்குநீரைக் கொழுப்புத் திசு ஓரளவு ஆக்கித் தருகிறது. அந்நீர் என்பின் அரிப்பைத் தணிக்கிறது. ஏறத்தாழ 60 ஆயிரம் பேரின் தரவுகளைத் தொகுத்து 2005இல் வெளியான ஆய்வு, உடல் நிறைக் குறியீட்டெண் 25 உள்ளவரைவிட 20 உள்ளவருக்கு இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு இரு மடங்குக்கு நெருங்கியது எனக் கண்டது. மெலிந்த மூதாட்டியைக் கண்டு அஞ்சும் நம் பாட்டிமாரின் அச்சம் அடிப்படையற்றதன்று.

ஆயினும் அதே ஆய்வில், மெலிவிலிருந்து நடுத்தர எடைக்கு வரும்போது கிடைத்த காப்பு, நடுத்தரத்திலிருந்து பருமனுக்கு ஏறும்போது அதே அளவில் கூடவில்லை. 10 நாடுகளில் 55 வயது கடந்த பெண்களைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு, பருத்த பெண்களும் ஏனையோரைப் போலவே எலும்பு முறிவுக்கு ஆளாகின்றனர் என்றும், அவர்களுக்குக் கணுக்காலும் மேல்தொடையும் முறிவது மிகுதி என்றும் தெரிவித்தது. பருமன் என்பைக் காக்கும் கவசம் என்ற எண்ணம் அன்று முதலே மருத்துவ உலகில் ஆட்டம் கண்டது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு ஆய்வில் 2011 முதல் 2018 வரை அளவெடுக்கப்பட்ட, 20 முதல் 59 வயது வரையுள்ள 10,814 பேரின் தரவுகளை ஆராய்ந்த சிக்காகோ மருத்துவர்கள், எடையைத் தசை வேறு, கொழுப்பு வேறு எனப் பிரித்துப் பார்த்தனர். தசை கூடக் கூட என்பின் அடர்த்தி சீராகக் கூடியது. ஒத்த அளவு தசை உடையோரை ஒப்பிட்டபோதோ, கொழுப்பு கூடக் கூட அடர்த்தி குறைந்தது. அக்குறைவு ஆண்களிடத்தும், கொழுப்பு மிக அதிகம் உடையோரிடத்தும் கடுமையாக இருந்தது. எடை என்னும் ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் ஒளிந்திருந்தன என்பதே இதன் பொருள்.

கொழுப்பு எவ்வாறு என்பைக் கெடுக்கிறது என்பதைச் சற்று விரித்துரைத்தல் நம் கடன். வயிற்றுள் ஈரலையும் குடலையும் சூழ்ந்து படியும் கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கன்று. அழற்சியைத் தூண்டும் நுண்பொருள்களை அது ஓயாது குருதியில் கலக்கிறது, அவை என்பை அரிக்கும் உயிரணுக்களை முடுக்கிவிடுகின்றன. எலும்பின் உள்ளீடான மச்சையில் இருக்கும் மூல உயிரணுவுக்கு முன் இரண்டு வழிகள் உண்டு: என்பை ஆக்கும் உயிரணுவாகலாம், அல்லது கொழுப்பு உயிரணுவாகலாம். வயது ஏறுவதும் உடலுழைப்பு குறைவதும் அதை இரண்டாம் வழியில் தள்ளுகின்றன. கட்டட வேலைக்கு வந்திருக்க வேண்டிய கொத்தனார் கிடங்குக் காவலுக்குப் போய்விட்டதைப் போல, என்பு எழ வேண்டிய இடத்தில் மச்சைக் கொழுப்பு பெருகுகிறது. கொழுப்பில் கரையும் இயல்புடைய டி உயிர்ச்சத்தோ, பருத்த உடலில் பரந்து தேங்கிக் குருதியில் குறைந்து காணப்படுகிறது. அது குறைந்தால் உண்ட சுண்ணச் சத்தும் குடலில் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகை அளவில் ஆண்டெல்லாம் வெயில் காயும் தீவில் வாழ்ந்தும், வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் வண்டிக்குள்ளும் அடைபட்டு, கருமை மிகுந்த தோலுக்குத் தேவைப்படும் கூடுதல் வெயிலைப் பெறாத நம் பெண்களுக்கு இது இரட்டை இழப்பு.

நாம் பருத்தவர்கள் அல்லரே என்று இதனைக் கடந்துபோக நினைப்போருக்கும் ஒரு சொல். 2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழ் இரண்டு மருத்துவர்களின் ஒளிப்படத்தை வெளியிட்டது. ஒருவர் புனே நகரின் சித்தரஞ்சன் யாக்னிக்; மற்றவர் இலண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் ஒன்றே: 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்னும் இவ்வமைப்பு தெற்காசிய மக்களிடையே பரவலாகக் காணப்படுவதையும், கருவிலிருந்தே அது தொடங்குவதையும் யாக்னிக்கின் புனே ஆய்வுகள் பல்லாண்டுகளாக எடுத்துக்காட்டி வந்துள்ளன. தசை குறைந்தும் வயிற்றுக் கொழுப்பு மிகுந்தும் அமைந்த உடல் என்பது, என்புக்கு வேண்டியது குறைவாகவும் வேண்டாதது மிகுதியாகவும் வாய்த்த உடல். பீச் ஸ்திரீட்டு அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் மெலிந்த கணக்கருக்கும், குட்டி இந்தியாவின் பொற்கடையில் கல்லாவில் அமர்ந்திருக்கும் பருத்த முதலாளிக்கும் இச்செய்தியில் சம பங்கு உண்டு.

நம் நாட்டு நிலையையும் எண்களால் சொல்லியாக வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வில் மலேசியாவின் வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். 2023இல் அது 54.4 ஆக உயர்ந்தது. 2019 ஆய்வில் இனவாரியாகப் பார்க்கும்போது முதலிடத்தில் நின்றவர்கள் இந்தியர்கள். ஐந்தில் மூவரைவிடவும் அதிகம். இனிப்பு நீரிலும் முதலிடம் நமக்கே. அந்நோய் இவ்விடத்தில் தனிக் கவனத்துக்கு உரியது. இரண்டாம் வகை இனிப்பு நீர் உடையோரின் என்பை அடர்த்தி அளக்கும் கருவியில் வைத்தால் எண் பெரும்பாலும் இயல்பாகவோ இயல்பினும் மேலாகவோ வரும். ஆயினும் அவர்களுக்கு முறிவு மிகுதி. குருதியில் தேங்கிய சர்க்கரை என்பின் நாரைக் கெடுத்து, அளவு குறையாமலே தரம் குறைந்துபோகச் செய்கிறது. ஆகவே, அளவைச் சீட்டில் ‘நன்று’ என்று அச்சிட்டு வந்தது என்பதற்காக ஒரு பருத்த இனிப்பு நீர் நோயாளியை அச்சமின்றி அனுப்பி வைப்பது தவறு. நெடுங்காலம் இந்நாட்டில் இடுப்பெலும்பு முறிவு சீனச் சமூகத்தின் துயராகவே பேசப்பட்டது. 1997இல் ஐம்பது வயது கடந்தோரில் இலட்சத்துக்கு 90 பேர் என்று கணக்கிடப்பட்ட அம்முறிவில் சீனரே முதலிடம் பெற்றதும் உண்மை. ஆயினும், அது ஒருவர் வீட்டுத் துயர் என்று நாம் ஒதுங்கி நிற்க இடமில்லை என்பதை, நம் நோய்களின் போக்கு நாள்தோறும் உணர்த்திக்கொண்டிருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர் என்பது பல நாடுகளின் பட்டறிவு. எஞ்சியோரில் பலர் பிறர் துணையின்றி மீண்டும் நடப்பதில்லை.

ஒரு காலைப்பொழுதில் சூலியா தெருவில் நாம் கண்ட காட்சியொன்றை இங்குப் பதிவு செய்கிறோம். இரவு பெய்த மழை விட்டிருந்தது. கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே சட்டென ஒரு படி இறங்கிற்று. சந்தைப் பையோடு வந்த மூதாட்டி ஒருவர், அறுபதைக் கடந்தவர், நல்ல பருமன், அப்படியின் விளிம்பில் நின்றார். முதலில் தூணைப் பற்றினார். பையைக் கீழே வைத்தார். பின்னர் உடலைப் பக்கவாட்டில் திருப்பி, இடது காலை மட்டும் இறக்கி, அது தரையைத் தொட்டதா என்று பாதத்தாலேயே தடவிப் பார்த்து, அதன்பின் வலது காலை அதனருகே கொண்டுவந்து, குனிந்து பையை எடுத்துக்கொண்டார். ஒரு படி இறங்க அவருக்கு ஏறத்தாழ அரை நிமிடம் ஆயிற்று. அவருடைய எடை அவரைக் காக்கவில்லை, தூணே காத்தது. பத்தடி தள்ளி, மூன்று மோட்டார் சைக்கிள்கள் அஞ்சடியை அடைத்து நின்றமையால், அவர் சாலையில் இறங்கி நடக்க வேண்டியதாயிற்று.

விழுதலே முறிவின் முதற் காரணம் என்பதையும், தொடைத் தசையின் வலிமையே விழாமல் நிறுத்துவது என்பதையும் அக்காட்சி நமக்குச் சொன்னது. கொழுப்பால் பருத்துத் தசையால் மெலிந்த உடல் இருவழியிலும் தோற்கிறது: விழும் வாய்ப்பு அதற்கு மிகுதி, விழும்போது தரையில் மோதும் விசையும் மிகுதி.

இதனைப் படித்தவுடன் பட்டினி கிடக்கத் தொடங்குவோர் உண்டு என்பதை அறிவோம். அவர்களைத் தடுப்பதும் நம் கடமை. எடை விரைவாகக் குறையும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை. தசையும் என்பும் கூடக் கரைகின்றன. பருமன் உடைய 65 வயது கடந்த 160 பேரை ஆறு திங்கள் ஆராய்ந்து 2017இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட முடிவு இதனைத் துலக்குகிறது. உணவைக் குறைத்து, நடை போன்ற பயிற்சிகளை மட்டும் செய்தோர் இடுப்பெலும்பு அடர்த்தியில் 3 விழுக்காட்டை இழந்தனர்; உணவைக் குறைத்து எடைதூக்கும் பயிற்சி செய்தோர் இழந்ததோ 1 விழுக்காட்டுக்கும் குறைவு. இருசாராரும் குறைத்த எடை ஏறத்தாழ ஒன்றே. இன்று ஊசி வழியே எடை குறைக்கும் மருந்துகளை நாடும் நடுத்தரக் குடும்பத்தார் நம்மிடையே பெருகி வருகின்றனர். மருத்துவர் அறிவுரையோடு அதைச் செய்வோரை நாம் குறை கூறோம். ஆயின், தசைக்குரிய உழைப்பும் புரதமும் இன்றி எடை குறைப்பது, கூரையின் பாரத்தைக் குறைக்க எண்ணித் தூணையும் சேர்த்துச் செதுக்குவதாகும். அந்தப் பழைய தோள்தண்டு செய்த வேலையை ஏதேனும் ஒன்று செய்தாக வேண்டும்: கைப்பிடியில்லா நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வதும், இரண்டு நீர்ப்புட்டிகளைத் தோளுக்கு மேல் தூக்கி இறக்குவதும் பொற்காசு கேட்பவை அல்ல. நெத்திலியும், தவ்வும், முருங்கைக்கீரையும், கேழ்வரகும் நம் சந்தைகளில் கிடைக்காதவையும் அல்ல.

தனி மனிதர் கடமை அவ்வளவினது என்றால், பொறுப்பில் அமர்ந்தோர் கடமை அதனினும் பெரிது. அதற்கு முன்னுதாரணம் இத்தீவிலேயே உண்டு. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அரை நூற்றாண்டு நடத்திய எஸ்.எம்.முகமது இத்ரீஸ், சர்க்கரைக்கு எதிராகப் பல்லாண்டு குரல் கொடுத்தபோது அதை மிகை என்றோர் பலர். 2019 மே திங்களில் அப்பெரியார் மறைந்தார். அதே ஆண்டு சூலை முதல் நாள், அளவுக்கு மிஞ்சிய சர்க்கரை கலந்து அடைத்து விற்கப்படும் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஓயாமல் சொல்லப்படும் உண்மை சட்டமாக மாறக் காலம் எடுக்கும் என்பதற்கும், மாறும் என்பதற்கும் அதுவே சான்று. அவ்வரி எட்டாத இடம் நம் உணவுக்கடையின் தேநீர்க் கோப்பை. அங்கே அரசை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ‘கூராங் மானிஸ்’ என்று கேட்பவருக்கு மட்டும் இனிப்பைக் குறைப்பதை விடுத்து, குறைந்த இனிப்பையே வழக்கமாக்கி, கூடுதல் வேண்டுவோர் கேட்டுப் பெறட்டும் என்று கடைக்காரர் சங்கங்கள் முடிவெடுக்கலாம். பள்ளிவாசல்களும் கோயில்களும் தம் மண்டபங்களை வாரம் இருமுறை, ஒரு மணி நேரம், ஐம்பது வயது கடந்த பெண்களின் உடற்பயிற்சிக்குத் திறந்துவிடலாம். அன்னதானம் அளிக்கும் கைகளுக்கு இது அயலான அறமன்று. நலவாழ்வு அமைச்சோ, எடையையும் உயரத்தையும் அளப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு நலவாழ்வு நிலையத்திலும் இடுப்புச் சுற்றளவையும் கைப்பிடி வலிமையையும் அளந்து பதிய ஆணையிட வேண்டும். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்ற வரம்பை நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியே வகுத்து வைத்திருக்கிறது. முறிவோடு மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு முதியவரையும் இரண்டாம் முறிவைத் தடுக்கும் பொருட்டுப் பின்தொடர்வதும் அவ்வமைச்சின் கடன்.

பருத்தவரை இழித்துரைப்பதற்கு இத்தலையங்கத்தை யாரேனும் கருவியாக்குவாராயின் அது எமக்கு நேரும் அவப்பேறு. இரண்டு வேலை பார்த்து, இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பி, மலிவாகக் கிடைத்த சோற்றை உண்டு உறங்கும் மகளின் உடலில் படிந்த கொழுப்பு அவளுடைய குற்றமன்று. நாம் அமைத்து வைத்த நகரத்தின், வேலை நேரத்தின், விலைவாசியின் வரலாறு அது. ஏளனம் எவரையும் பயிற்சிக்கு அழைத்து வந்ததில்லை, ஒளிந்துகொள்ளவே செய்திருக்கிறது.

பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்கு எம் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. 2008இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்நகரின் அஞ்சடிகளைக் காக்கும் பொறுப்பு, அவற்றின் வளைவுகளையும் ஓடுகளையும் காப்பதோடு முடிவதில்லை. அவற்றில் ஒரு முதியவர் நடக்கக்கூடும்படி வைத்திருப்பதும் மரபுக் காப்பே. மழை மறிக்காத, வெயில் சுடாத நடைபாதையை வீட்டு வாசலிலேயே தெரு முழுதும் இணைத்துக் கொடுத்த பழைய ஊர் இது. சூலியா தெருவில் அம்மூதாட்டி இறங்கிய படியின் உயரம் ஒரு சாண் இருக்கும். பள்ளிவாசல் முனையிலிருந்து பினாங்கு சாலை வரை அஞ்சடியில் நிறுத்தப்படும் வண்டிகளை அகற்றி, அத்தகைய ஒவ்வொரு படியருகேயும் ஒரு சரிவையும் ஒரு கைப்பிடியையும் அமைக்க வேண்டுகிறோம்; அடுத்த மழைக்காலத்துக்குள் அது முடியும்.